டிப்ளாய்டா ஹாப்ளாய்டா? எண்ணுவதற்கு முன்னால் ஜோடி தேடுங்கள்

ஒரு செல்லின் படத்தைக் காட்டி இது டிப்ளாய்டா (குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருப்பது) ஹாப்ளாய்டா (ஒவ்வொன்றும் ஒற்றையாக இருப்பது) என்று கேட்டால், பலரும் மளமளவென்று குரோமோசோம்களை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை எண்ணி, இரட்டைப்படை வந்தால் டிப்ளாய்டு, ஒற்றைப்படை வந்தால் ஹாப்ளாய்டு என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பழ ஈயின் உடல் செல்லில் 8 குரோமோசோம், அது டிப்ளாய்டு. வெங்காயத்தின் இனச்செல்லிலும் (இனப்பெருக்கத்துக்கான செல்) அதே 8தான், ஆனால் அது ஹாப்ளாய்டு.

பார்க்க வேண்டியது ஜோடியை. ஒரு குரோமோசோமை எடுத்துக்கொண்டு, அதே நீளத்தில், சென்ட்ரோமியர் (குரோமோசோமில் இடுங்கித் தெரியும் இடம்) அதே இடத்தில், சாயமிட்டால் தெரியும் பட்டைகளும் அதே வரிசையில் இருக்கிற இன்னொன்று உண்டா என்று தேடுங்கள். எல்லாவற்றுக்கும் துணை கிடைத்தால் டிப்ளாய்டு: தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, மனிதருக்கு 23 ஜோடி, மொத்தம் 46. எதற்குமே துணை இல்லையென்றால் ஹாப்ளாய்டு, மனிதருக்கு வெறும் 23. ஆண்களின் எக்ஸும் ஒய்யும் மட்டும் அளவில் ஒத்துப்போகாது, ஆனாலும் அவற்றை ஜோடியாகவே கணக்கில் வையுங்கள்.

சரி, நிறையப் பேர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் அடுத்தது. பெருக்கல் குறி போலத் தெரிகிற குரோமோசோமில் இரண்டு குரோமாட்டிடுகள் இருந்தாலும் அது ஒரே குரோமோசோம்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே குரோமோசோமின் நகல்கள், இன்னும் பிரியவில்லை. அதனால் கைகளை எண்ணாமல் சென்ட்ரோமியரை எண்ணுங்கள். இனச்செல்களை உருவாக்கும் மியாசிஸ் என்கிற செல் பகுப்பில் இரண்டு கட்டங்கள் உண்டு; ஜோடிகள் பிரிவது முதல் பகுப்பில், ஆகவே அது முடிந்ததுமே செல் ஹாப்ளாய்டு ஆகிவிடுகிறது, குரோமோசோம்கள் இன்னும் பெருக்கல் குறி போல இருந்தாலும் சரி. இரண்டாம் பகுப்பு குரோமாட்டிடுகளைப் பிரிக்கிறது, அவ்வளவுதான்.

படம் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால்? தோல் செல், நரம்பு செல் எல்லாம் டிப்ளாய்டு, விந்தணு ஹாப்ளாய்டு. ஆனால் விந்தகத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லாமே ஹாப்ளாய்டு ஆகிவிடாது, முதல் பகுப்பை இன்னும் முடிக்காத முதல்நிலை விந்துசெல்லில் 46 முழுசாக இருக்கும்.

அப்புறம், ஹாப்ளாய்டு என்றாலே இனச்செல் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். மாஸ் (moss) என்கிற பாசித் தாவரத்தின் பச்சை உடல் முழுக்க ஹாப்ளாய்டு. ஆண் தேனீயும் அப்படித்தான், கருவுறாத முட்டையிலிருந்து 16 குரோமோசோமோடு பிறக்கிறது (ராணிக்கு 32). ஜோடியே இல்லாதபோது எதைப் பிரிப்பது? அதனால் அதன் விந்தணுவிலும் அதே 16தான்.