பேஸ்பால் கார்டு வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைதான் பேஸ்பால் கார்டு. பழைய கார்டை முதலீடு என்று நினைத்து வாங்கும் முன், அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆண்டைத் தேடிப் படியுங்கள். 1980களின் பிற்பகுதியில் இருந்து 1990களின் முற்பகுதிக்குள் என்றால், பெரும்பாலும் வாங்காமல் விட்டுவிடலாம்.

அந்த ஆண்டுகளில் டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் கார்டுகளை மலைமலையாக அச்சடித்துத் தள்ளின. நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கியவர்கள் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் புத்தம் புதிதுபோல இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பிரிக்காத பெட்டிகளே நிறைய இருக்கின்றன. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனதே என்பீர்கள். சரி, ஆனால் அந்தக் காலத்துக் கார்டுகள் சிறுவர்கள் கையில் முனை மழுங்கித் தேய்ந்து போனவை. பழுதில்லாமல் மிஞ்சியது சொற்பம்தான்.

அப்புறம், விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஈபே இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும். கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பெண் போடும் நிறுவனங்களின் தரச்சான்றுக் கட்டணம் கார்டின் விலையையே தாண்டிவிடுவதும் உண்டு.

கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரரின் 1989 அப்பர் டெக் நிறுவனக் கார்டு, தரச்சான்று தரும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் உச்ச மதிப்பெண்ணான 10 பெற்றிருந்தால் கதை வேறு, அதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. 17/50 (மொத்தம் 50இல் 17ஆவது) என்பதுபோல எண் அச்சிட்ட புதிய கார்டுகளுக்கும் ஆண்டைப் பார்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆசைக்காகச் சேர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், சல்லிசாகவே கிடைக்கும்.