அறுபதுக்கு மேல் உளி பிடிப்பவர்களுக்கு: கைக்கருவிகளால் ஒரு மணை

தச்சு வேலைக்குத் தோள்வலு வேண்டும் என்பது மொக்கை உளியோடு மல்லுக்கட்டியவர்கள் பரப்பிய பேச்சு. நன்றாகத் தீட்டிய இழைப்புளியின் அடியில் மெழுகுவர்த்தியை இரண்டு இழுப்பு தேய்த்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள். சீவல் தாள்போலச் சுருண்டு வரும். வயதானால் குறைவது பிடிவலு, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன், முழங்கால் பலம். மூன்றுக்கும் ஏற்பாடு உண்டு. முதல் வேலைக்கு மணைப்பலகை நல்லது. நேராக அறுப்பது, தட்டையாக இழைப்பது, மழைக்காலத்தில் ஊதும் மரத்துக்கு இடம் விடுவது என்று தச்சின் பாதிப் பாடம் அதற்குள் வந்துவிடும். கீழே உட்கார முடியாவிட்டால் என்ன, விளக்கு வைக்கவும் கோலம் எழுதவும் ஆகும்.

மேசையும் வெளிச்சமும்

ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து காலால் மரத்தை அழுத்திப் பிடித்தே பாதி வேலையை முடித்துவிடுவார்கள். தேய்ந்த முழங்காலுக்கு அது ஆகாது. மேசை வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுவே இழைக்கும் மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 80 முதல் 85 செ.மீ. அந்த உயரத்தில்தான் உடம்பின் எடை தள்ளும் வேலையைச் செய்யும், கைக்கு ஓய்வு கிடைக்கும். சமையல் மேடையும் ஏறக்குறைய இதே உயரம். ஆனால் கிரானைட்டில் உளி பட்டால் உளிக்கும் கேடு, வீட்டு அமைதிக்கும் கேடு.

மேசையின் ஒரு முனை சுவரில் முட்டட்டும், சுவரை நோக்கியே இழையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தள்ளலுக்கும் மேசை நகரும், பாதி உழைப்பு அதிலேயே போகும். குறிப்பதற்கும் அறுப்பதற்கும் மேசைமேல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு கெட்டியான பெட்டியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன்மேல் வையுங்கள். முதுகு குனியாது.

படிக்கும் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்குப் போடப்பட்டது. மேசையில் கோடு இருப்பது 50, 60 செ.மீ. தூரத்தில். கோடு தெரியாமல் குனிந்து குனிந்து கழுத்து வலிப்பதற்கு இதுதான் காரணம். அந்தத் தூரத்தைச் சொல்லித் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். விளக்கைத் தலைக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ வையுங்கள். கத்தியால் கீறிய கோட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு பளிச்சென்று எழும்.

கருவிகள்

4-ஆம் எண் (எண் அளவைக் குறிக்கும்) இரும்பு இழைப்புளி ஒன்று. 5-ஆம் எண் நீளமும் கனமும் கூட. மணைக்கு அது தேவையில்லை. 12, 25 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டை உளி, 150 மி.மீ. மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், கூரான கத்தி, கை டிரில், ஜி கிளாம்ப் இரண்டு, ஒரு கொட்டாப்புளி. கொட்டாப்புளி 400 கிராமைத் தாண்ட வேண்டாம், மணிக்கட்டு தாங்காது.

ரம்பத்தில், இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய வகை வயதான கைக்குத் தோது. இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்பதால் மெல்லிய தகடே போதும். அறுக்க வேண்டிய மரமும் குறைகிறது. ரம்பத்தை அழுத்திப் பிடிக்காதீர்கள். மூன்று விரல் பிடிக்க, ஆள்காட்டி விரல் தகட்டின் திசையில் நீண்டிருக்கட்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் உளியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளலாம். பிடி தடித்தால் இறுக்கம் குறைந்தாலும் நழுவாது.

தீட்டுவது

இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லா இடத்திலும் அழ வேண்டிவரும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு வாங்கி, அதன்மேல் தண்ணீர் தெளித்து எமரி பேப்பரை ஒட்டுங்கள். 400, 1000, 2000 என்று மூன்று எண்கள் போதும்.

புது உளியின் முதுகுப்புறம் பார்வைக்குத் தட்டையாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் இருக்காது. முனையிலிருந்து 20 மி.மீ. வரை மூன்று தாளிலும் தேய்த்துப் பளபளக்க வையுங்கள். உளிக்கு ஒரே ஒருமுறை செய்யும் வேலை இது. பிறகு முனையின் சரிவுப் பக்கம். கை நடுங்கினாலும் கோணம் மாறாமல் இருக்க, ஹோனிங் கைடு என்று விற்கும் சிறு சக்கரப் பிடியை வாங்குங்கள். பக்கவாட்டில் கவ்வும் சாதாரண வகையில் உளி 30 மி.மீ. வெளியே நீண்டால் 30 டிகிரி. இழைப்புளி அலகுக்கு அதே கோணம் 38 மி.மீட்டரில் வரும். ஒரு பலகையில் இந்த இரண்டு தூரத்துக்கும் கட்டை அடித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்கேலைத் தேட வேண்டாம்.

தாளின்மேல் உங்களை நோக்கி இழுக்க மட்டும் செய்யுங்கள், தள்ளினால் தாள் கிழியும். 400-இல் தேய்க்கத் தேய்க்க முதுகுப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு பிசிறு எழும். அகலம் முழுவதும் அது எழுந்த பிறகே 1000-க்குப் போக வேண்டும். ஓர் ஓரத்தில் பிசிறு இல்லையென்றால் அங்கே தேய்மானம் இன்னும் முனையை எட்டவில்லை; 2000-இல் அரை மணி நேரம் தேய்த்தாலும் அந்த இடம் மொக்கையாகவே நிற்கும். "எவ்வளவு தீட்டினாலும் வெட்டவில்லை" என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 1000-இலும் 2000-இலும் இருபது இழுப்பு போதும். கடைசியில் முதுகைத் தட்டையாக வைத்துப் பிசிறை எடுத்துவிட்டு, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு.

கூர்மையைக் கட்டைவிரலில் சோதிக்காதீர்கள். பைன் துண்டின் வெட்டுமுகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே வெட்டிய முனையை, சீவிப் பாருங்கள். பொடியாக உதிராமல் பளபளப்பாக வந்தால் உளி தயார்.

மரம்

குமிழ் மென்மையானது, பழகும் கைக்கு ஏற்றது. தேக்கும் நன்றாக இழையும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். வேம்பில் நார் மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும். முதல் வேலைக்கு வேண்டாம். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும். இடித்த வீட்டுச் சட்டங்களை வாங்கினால் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி, அலகின் ஒரு வாரக் கூர்மையை நொடியில் எடுத்துவிடும்.

அளவு: 400 × 250 மி.மீ. பலகை ஒன்று, 25 மி.மீ. கனம். அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 230 × 40 × 25 மி.மீ.; ரீப்பர் துண்டே போதும்.

இழைப்பதும் அறுப்பதும்

பலகையின் இரு முனையிலும் ஒரே உயரமுள்ள நேரான கோல் ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் விளிம்பை மற்றதோடு ஒத்துப் பாருங்கள். முறுக்கு இருந்தால் அப்போதே தெரியும். மேடான மூலைகளை மூலைவிட்டமாக இழைத்து அடக்கிய பிறகு நாரின் வாக்கில் நீளமாக இழையுங்கள். கனம் 22 மி.மீட்டருக்கு இறங்கினால் போதும். இழைப்புளியில் அலகின்மேல் பூட்டியிருக்கும் மேல்தகடு, அலகின் முனையிலிருந்து 1 மி.மீட்டருக்குள் நிற்க வேண்டும். மரம் பிய்ந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் இழையுங்கள். அப்போதும் பிய்ந்தால் தீட்ட வேண்டிய நேரம். முன்னும் பின்னும் கையை ஆட்டாமல், இடுப்பிலிருந்து எடையை முன்காலுக்கு மாற்றித் தள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். தப்பு வெட்டுகள் பெரும்பாலும் களைப்பில் வருபவை.

அறுக்கும் கோட்டைக் கத்தியால் நான்கு பக்கமும் சுற்றி இழுங்கள். கழிவுப் பக்கத்திலிருந்து உளியால் மெல்லச் சரிவாகச் சீவினால் ஒரு பள்ளம் கிடைக்கும். ரம்பம் அதில் தானாக உட்காரும், நடுங்கும் கைக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. வெட்டுமுகத்தை இழைக்கும்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி இழையுங்கள். ஒரே போக்கில் போனால் கடைசி ஓரம் பிளந்துவிடும்.

சட்டம் பூட்டுவது

மணை கெடுவது இந்த இடத்தில். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஊதும். ஈரம் 4 சதவீதம் கூடினால் 250 மி.மீ. தேக்குப் பலகையே 2 மி.மீ. வரை அகலும், சில மரங்கள் இன்னும் கூட. குறுக்குச் சட்டத்தைப் பெவிகால் போட்டு முழுக்க ஒட்டினால், ஐப்பசி மழையில் பலகை வளையும், சித்திரை வெயிலில் வெடிக்கும்.

அதனால் பசை வேண்டாம். ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று ஸ்க்ரூ: நடுவில் ஒன்று, அதிலிருந்து இருபுறமும் 90 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று. முதலில் சட்டத்தில் 16 மி.மீ. அகலத்தில் 6 மி.மீ. ஆழக் குழி. அதனுள் நடு ஸ்க்ரூவுக்கு 4.5 மி.மீ. துளை. ஓர ஸ்க்ரூக்களுக்கு 4.5 மி.மீ. துளை இரண்டை 3 மி.மீ. இடைவெளியில் போட்டு, உருண்டை அரத்தால் இணைத்து நீள்துளை ஆக்குங்கள். நீளம் சட்டத்தின் நீளவாக்கில் இருக்க வேண்டும். 8-ஆம் எண், 32 மி.மீ. நீளம், உருண்டைத் தலை ஸ்க்ரூ, கூடவே வாஷர். பலகையில் 2.5 மி.மீ. துளை, 12 மி.மீ. ஆழம் மட்டும். டிரில் அலகில் அந்த ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளாவிட்டால் மேலே துளை எட்டிப்பார்க்கும். ஸ்க்ரூவில் சோப்பு தடவினால் முறுக்குவது எளிது. நடு ஸ்க்ரூவை நன்றாக இறுக்குங்கள். ஓரத்தவை வாஷர் தொட்டதும் நிற்கட்டும்.

கையும் காலும்

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மரத்தைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். வெட்டுப்பட்டால் துணி வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் மருத்துவமனை. சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் மூடிய செருப்பில்லாமல் மேசையருகே நிற்கக் கூடாது. உளி நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், துணியால் மெல்லத் தடவி 15 நிமிடம் கழித்து முழுக்கத் துடையுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று முறை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அந்த எண்ணெய் சூடாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.