சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஃபைபர் கொண்டு செல்லும் முறை

நாட்டின் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தில், தமிழகத்தில் மட்டும் 12,525 ஊராட்சிகள் அடங்குகின்றன. அவற்றுள் மிகுந்த கவனம் கோருபவை மலை ஊராட்சிகளே என்பதால், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையை முன்வைத்தே இம்முறையை விளக்குகிறேன்.

முதலில் பாதையை முடிவு செய்யுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரப் பாதையும், குப்பனூர் வழியாக ஏறும் பாதையும் இருக்கின்றன. ஒரே பாதையில் இரண்டு கேபிள்களைப் பதித்துவிட்டு மாற்றுவழி உண்டு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மண் சரிந்தால் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, வண்டிகளே குப்பனூர் வழியாகத்தான் திருப்பிவிடப்பட்டன. கேபிளும் ஒரு பாதையில் ஏறி மறுபாதையில் இறங்கும் வளையமாக அமைய வேண்டும். வனத்துறை, நெடுஞ்சாலைத்துறை அனுமதிகளுக்கு நாளாகும் என்பதால், நில அளவீட்டின்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பாறையைத் தோண்ட இயலாத இடங்களில், உலோகம் கலவாத கேபிளை மின்கம்பங்களில் கட்டலாம்.

அடுத்தது ஒளிக் கணக்கு, அதாவது வழியில் எவ்வளவு ஒளி இழப்பாகும் என்ற கணக்கு. இந்த இழப்பை டெசிபலில் அளப்பார்கள். ஓர் இழையின் ஒளியைப் பிரித்துப் பல வீடுகளுக்கு இணைப்புத் தரும் ஜிபான் முறை பொதுவாக 20 கிலோமீட்டருக்குள் இயங்குவது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சாலை வழியாகவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இருப்பதால், வீடுகளை நோக்கி ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவியை ஏற்காட்டிலேயே நிறுவ வேண்டும். அங்கிருந்து 12 கிலோமீட்டரில் உள்ள ஒரு சிற்றூருக்கு, இழையில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 4.2 டெசிபல், 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் சுமார் 17.5, கனெக்டர்களிலும் ஜாயின்ட்களிலும் 3 என மொத்தம் 24.7 டெசிபல் இழப்பாகும். வழக்கமான கருவியின் தாங்குவரம்பு 28 டெசிபல். மீதமுள்ள 3.3 டெசிபலைப் பிற்கால ஜாயின்ட்களுக்கென்று விட்டுவையுங்கள். அதை நம்பி மேலும் வீடுகளைச் சேர்க்காதீர்கள்.

இரண்டு இழைகளின் முனைகளை இணைக்கும் ஸ்பிளைசிங் வேலையில்தான் பொறுமை தேவை. மேலுறையை உரித்தபின் எஞ்சும் இழையின் விட்டம் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, இழை வெட்டும் கருவியான கிளீவரில் நேராக வெட்டியபின் முனையை விரல் தொடவே கூடாது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வெட்டிய முனையிலும் ஈரம் படியும் என்பதால், இவ்வேலையைச் சாலையோரத்தில் செய்யாமல் மூடிய வேனுக்குள் செய்யுங்கள். ஒரு ஜாயின்ட்டில் 0.1 டெசிபலுக்கு மேல் இழப்புக் காட்டினால், வெட்டிவிட்டு மீண்டும் இணையுங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வோர் இழையையும் ஒளித்துடிப்பை அனுப்பி இழப்பையும் அறுந்த இடத்தையும் காட்டும் ஓடிடிஆர் கருவியால் இரு முனைகளிலிருந்தும் அளந்து பதிவைச் சேமியுங்கள். கேபிள் அறுந்தால் அக்கருவி காட்டுவது இழையின் நீளத்தையே அன்றிச் சாலையின் தூரத்தை அன்று. ஜாயின்ட் பெட்டிதோறும் எத்தனை மீட்டர் கேபிளைச் சுற்றி வைத்தீர்கள் என்பதை வரைபடத்தில் குறித்திருந்தால்தான், பழுதுபார்க்க வருபவர் சரியான வளைவில் வண்டியை நிறுத்துவார்.