சரக்கு ரயிலைத் துரத்திப் படமெடுக்கும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணிகள் ரயிலைப் படமெடுக்க, அட்டவணையைப் பார்த்துவிட்டு உரிய இடத்தில் போய் நின்றால் போதும். சரக்கு ரயிலுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. தடம் காலியாக இருந்தால் ஓடும். பின்னால் விரைவு ரயில் வருகிறதென்றால் பிரிந்துபோய் மறுபடி சேரும் பக்கத் தடமான லூப் லைனில் ஒதுங்கி ஒரு மணி நேரம்கூட நிற்கும். அதனால்தான் ஒரு சரக்கு ரயில் கண்ணில் பட்டதும் சாலை வழியாக அதை முந்திப்போய், நாலைந்து இடங்களில் நின்று எடுக்கிறார்கள். அப்படிக் கழியும் நாளில் தவறிப்போகும் படங்களில் பாதிக்கு மேல் கேமராவால் போவதில்லை, சாலையில் போகின்றன. ஆகவே சாலைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

நேரக் கணக்கு போடாமல் கிளம்புவது

ரயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. உங்கள் காரின் சராசரி 70. அடுத்த இடம் 30 கிலோமீட்டர் தள்ளி. ரயிலுக்கு 30 நிமிடம், காருக்குச் சுமார் 26 நிமிடம். கையில் மிஞ்சுவது 4 நிமிடம். பையை மூடி, காருக்கு நடந்து, வண்டியைத் திருப்புவதற்குள் அதில் 3 நிமிடம் தீர்ந்துவிடும். அங்கே போய் வண்டியை ஓரம்கட்டி, பாலத்தின்மேல் ஏறுவதற்குள் கடைசி வேகன்தான் தெரியும். ரயிலின் நேரத்துக்கும் காரின் நேரத்துக்கும் இடையே 10 நிமிடமாவது மிஞ்சாத இடத்தை யோசிக்காமல் விட்டுவிட்டு, அதற்கடுத்த இடத்துக்குப் போங்கள். இழந்த நேரத்தைக் காரின் வேகத்தால் ஈடுகட்டலாம் என்று நினைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே மிக ஆபத்தான தவறு.

ரயிலின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாறுவீர்கள். நீளமான ரயில் மெதுவாகப் போவதுபோலத் தெரியும். தண்டவாளத்தோரக் கிலோமீட்டர் பலகைகள் இரண்டுக்கு இடையே எஞ்சின் கடக்கும் நேரத்தைப் பாருங்கள். 60 வினாடி என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர், 72 என்றால் 50, 90 என்றால் 40.

முந்துவதற்கான நேரத்தைப் பெரும்பாலும் ரயிலே கொடுக்கும். பாரம் ஏற்றிய ரயில் 1:100 ஏற்றத்தில் (100 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வு) ஏறும்போது வேகம் பாதியாகக் குறைவது சாதாரணம். காலி வேகன்களோடு திரும்பும் அதே ரயில் அங்கே அவ்வளவு தளராது. ஒற்றைத் தடத்தில் எதிர் ரயிலுக்கு வழிவிட நிற்கும் லூப், ஓட்டுநர் மாறும் யார்டு, வேகக் கட்டுப்பாடு உள்ள வளைவு, இவற்றை முதல் நாளே வரைபடத்தில் குறித்துவைக்காமல் கிளம்புவது பாதி நாளைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

லெவல் கிராசிங் இன்னொரு பொறி. 1,500 மீட்டர் நீள ரயில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இடத்தைக் கடக்க 2 நிமிடம் 15 வினாடி ஆகும். கேட் அதற்கு முன்பே மூடியிருக்கும். எதிர்த்திசையில் இன்னொன்று வந்தால் திறக்கவே திறக்காது. நெடுஞ்சாலை தடத்துக்கு அந்தப் பக்கம் இருக்க, நீங்கள் இந்தப் பக்கம் நின்று எடுத்திருந்தால் துரத்தல் அங்கேயே முடிந்தது. வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் நெடுஞ்சாலைப் பக்கமே நிற்பதுதான் புத்திசாலித்தனம். மற்ற பக்கத்துப் படங்களை, அன்றைக்குக் கடைசி நிறுத்தமாக இருக்கும் இடத்துக்கு ஒதுக்குங்கள்.

படம் எடுத்த பிறகும் கடைசி வேகன்வரை நின்று பார்ப்பது தனி சுகம்தான், ஆனால் அதற்கு விலை உண்டு. விதிவிலக்கு மலைப்பாதை. அங்கே பின்னால் தள்ளும் எஞ்சின் இருக்கலாம். கேமராவை உள்ளே வைத்த பிறகு அது முழுச் சத்தத்தோடு கடந்துபோகும். நீண்ட ரயில்களில் நடுவிலும் எஞ்சின் கோத்திருப்பார்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நிற்பது

காலையில் கிழக்கே போகும் ரயிலுக்கு முகத்தில் வெயில் விழும். மேற்கே போகும் ரயிலுக்கு முதுகில். மாலையில் இது தலைகீழ். ஆகவே காலையில் கிழக்கு நோக்கிப் போகும் ரயிலைத் துரத்தி, மாலையில் மேற்கு நோக்கி வரும் ரயிலோடு திரும்புவதுபோல நாளை அமைத்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணில் முதலில் பட்ட ரயிலையே துரத்த வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து சாய்வாக வந்தால் எஞ்சினின் முகமும் பக்கவாட்டும் சேர்ந்தே ஒளி பெறும்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நண்பகல் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் தெற்கிலும் மறு பகுதியில் வடக்கிலும் நிற்கும். ஜனவரியில் தடத்தின் தெற்கே நின்று எடுத்த அருமையான இடம், ஜூனில் எதிர்வெயிலாகிவிடும். உச்சி வெயிலில் கூரை பளிச்சென்றும் சக்கரங்கள் கரியாகவும் விழும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை மாலைக்கான இடங்களைத் தேடச் செலவிடுவது மேல்.

தாழ்ந்த வெயில் அழகு என்று கடைசி நிமிடம்வரை காத்திருப்பவர்கள் நிழலை மறந்துவிடுகிறார்கள். சூரியன் அடிவானத்துக்கு மேலே 30 பாகையில் இருக்கும்போது 7 மீட்டர் மின்கம்பத்தின் நிழல் 12 மீட்டர். 10 பாகைக்கு இறங்கிவிட்டால் அதே நிழல் 40 மீட்டர். ரயில் வருமுன் தண்டவாளத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தக் கோடு எஞ்சினின் முகத்தில் அப்படியே ஏறும். உங்கள் நிழலும் கணக்கில் உண்டு.

நிற்கும் இடம்

மின்மயமான தடத்தில் கம்பங்கள் ஏறத்தாழ 50 முதல் 70 மீட்டர் இடைவெளியில் இருக்கும். எஞ்சின் நீளம் சுமார் 20 மீட்டர். ஆகவே இரண்டு கம்பங்களுக்கு நடுவே எஞ்சின் தாராளமாக அடங்கும், அழுத்தும் நேரம் சரியாக இருந்தால். ஒற்றைத் தடத்தில் கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், எதிர்ப்பக்கம் நில்லுங்கள். இரட்டைத் தடத்தில் உங்கள் ரயில் ஓடும் தடத்தின் பக்கமே நிற்காவிட்டால், சரியான நொடியில் எதிர் ரயில் வந்து மறைக்கும். வெயில் அந்தப் பக்கம் ஒத்துவரவில்லை என்றால் சாலைப் பாலத்தின் உயரம் கைகொடுக்கும். தாழக் குனிந்து எடுத்தால் எஞ்சின் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் முழங்கால் உயரப் புல் சக்கரங்களை விழுங்கிவிடும்.

கேமரா அமைப்பு

80 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 22 மீட்டர். ஷட்டர் திறந்திருக்கும் 1/250 வினாடியில் ரயில் 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/1000 வினாடியில் 2 சென்டிமீட்டர். தொலைவிலிருந்து நீள லென்ஸில் நேராக வரும் ரயிலுக்கு 1/500 போதும். அருகில் பக்கவாட்டில் கடப்பதற்கு 1/1600க்குக் குறையாமல் வையுங்கள்.

ஃபோகஸையும் ஒளி அளவையும் கேமராவின் தானியங்கிக்கு விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முகப்பு விளக்கு நேராக அடித்ததும் கேமராவின் ஒளிமானி ஏமாந்து, மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். ரயில் வருமுன் வெயில் விழும் ஜல்லியையும் புல்லையும் பார்த்து ஒளியளவை மேனுவலில் வைத்துவிடுங்கள். நிலக்கரி வேகன்களின் கருமையைப் பார்த்து பயந்து ஒளியைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகும். எஞ்சின் வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு ஸ்லீப்பரை (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) குறித்து, அதில் ஃபோகஸை முன்பே பூட்டுங்கள்.

தொலைவில் தெரிந்ததுமே பர்ஸ்ட் முறையில் தொடர்ந்து படமெடுக்கத் தொடங்கினால், எஞ்சின் குறியை எட்டும்போது எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேமராவின் பஃபர் நிரம்பி, ஷட்டர் இழுத்துக்கொண்டு நிற்கும். குறிக்கு ஒரு நொடி முன்னால் தொடங்குங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பல கேமராக்களில் அது வேகன்களின் நேர்க்கோடுகளைச் சாய்த்துவிடும். எல்இடி முகப்பு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை; ஒரு படத்தில் எரியும், அடுத்ததில் அணைந்திருக்கும். மூன்று நான்கு படங்கள் எடுத்தால் ஒன்றிலாவது விளக்கு எரியும்.

நண்பகலில் 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸில் கலங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். தண்டவாளத்தின் மேலே நெளியும் வெப்பக்காற்று அது. கிட்டே வரவிட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை.

பேரம் பேச முடியாதவை

தண்டவாளப் பகுதிக்குள் இறங்காமல், பொது இடத்திலேயே நில்லுங்கள். வேகன்களிலிருந்து தார்ப்பாய்க் கயிறு, தளர்ந்த பட்டை, சரியாக மூடாத கதவு ஆகியவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு ரயிலின் இரைச்சலில் அடுத்த தடத்து ரயிலின் சத்தம் கேட்காது. மின்தடத்தில் கம்பி பல இடங்களில் 25,000 வோல்ட், தொடாமலே பாயும். பாலத்தின் மேலிருந்து உலோக மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி), செல்ஃபி குச்சி, குடை எதையும் கம்பியை நோக்கி நீட்டக் கூடாது. ஓட்டுநரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது குற்றத்துக்கு ஒப்பானது. ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய ரயில் வந்தால் கேமராவைக் கீழே இறக்குங்கள்.

துரத்துவதற்கு இருவர் வேண்டும்: ஒருவர் ஓட்ட, ஒருவர் வரைபடம் பார்க்க. ரயிலுக்கு இணையாக ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக எடுக்கப் பார்ப்பவர் சாலையைப் பார்ப்பதில்லை. சூடான சைலன்சரோடு காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். வயலுக்குப் போகும் வழியை மறித்து நிறுத்தினால் அடுத்த முறை அந்த இடமே உங்களுக்குக் கிடைக்காது.

கிளம்புமுன் கேமராவின் கடிகாரத்தைக் கைபேசியின் நேரத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எஞ்சின் எண், சரக்கு வகை, வேகன் எண்ணிக்கை, திசை ஆகியவற்றை உடனே எழுதுங்கள். ஒரே நிற எஞ்சின்கள் பத்து கடந்துபோன நாளின் இரவில், எந்தப் படம் எந்த ரயில் என்று அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிரிக்க முடியும்.