கலங்கிப் படிந்த காந்த நானோ துகள்களை மீட்டது: என் அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் சிறு ஆய்வகத்தில், சிட்ரேட் (துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் சிட்ரிக் அமில உப்பு) பூசிய 10 நானோமீட்டர் மேக்னடைட் (கறுப்பான, காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்கள் கொண்ட திரவம் பழுப்பாகி அடியில் படிந்துவிட்டது.

எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கறுப்பு பழுப்பானால் மேக்னடைட் ஆக்சிஜனேறி மேக்ஹமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு ஆகிறது, அவ்வளவே. காந்தத்தன்மை சற்றுதான் குறையும். 300 டிகிரியில் ஹைட்ரஜன் செலுத்தித் திருப்பப் பார்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும். மீயொலிக் குளியலில் (ஒலி அதிர்வால் துகள்களைப் பிரிக்கும் தொட்டியில்) வைத்தேன். கலங்கியது, மறுபடி படிந்தது. அம்மோனியாவும் உதவவில்லை.

விடை கைக்காந்தத்தில் இருந்தது. நன்றாகப் பிரிந்த துகள்களை அது சட்டென இழுக்காது. இவை நொடிகளில் ஓடி ஒட்டின, அதாவது திரண்டிருந்தன. கழுவிய நீரின் மின்கடத்துதிறனை அளந்தபோது காரணம் புரிந்தது: போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் சிட்ரேட் கிளைகளைப் பாலம் போட்டுப் பிணைத்துவிட்டது. கடலோரமான இந்தப் பக்கத்தில் இது வழக்கமான தொல்லை.

மீட்ட முறை இது: 1 கிராம் துகளுக்கு 100 மில்லி அயனி நீக்கிய (கரைந்த உப்புகள் அகற்றிய) நீர். நீர்த்த நைட்ரிக் அமிலம் சொட்டி பிஎச் (அமில அளவு) 2.5, பத்து நிமிடம். அமிலமோ நேரமோ கூடினால் துகளின் இரும்பே கரையும். கால்சியம் விடுபடும். பிறகு அசிட்டோன் ஊற்றித் துகள்களைப் படியவைக்க வேண்டும். இருமுறை கழுவி, புதிய நீரில் 0.5 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து 90 டிகிரியில் ஒரு மணி நேரம். காந்தக் கலக்கி வேண்டாம், துகளெல்லாம் அதன் குச்சியில் ஏறிவிடும். மேலிருந்து சுழலும் கலக்கிதான் சரி. ஆறியபின் அம்மோனியாவால் பிஎச் 8.

பழுப்பாகவே இருக்கிறது, ஆனால் படியவில்லை. இப்போது புட்டியை விளிம்பு வரை நிரப்பி, நைட்ரஜன் ஊதி, 4 டிகிரியில் வைக்கிறேன். உறையவிட்டால் மறுபடி திரளும்.