விளையாட்டுத் திடலுக்கு உதிரித் தரைப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊஞ்சல், சறுக்குமரம், ஏறுகம்பி ஆகியவற்றின் அடியில் எதைக் கொட்டுவது என்று முடிவுசெய்யும் முன், ஒரு குழந்தை எந்த உயரத்திலிருந்து விழ வாய்ப்புண்டு என்பதை அளந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, அமுங்கிய நிலையில் 9 அங்குல ஆழமுள்ள மணல் 4 அடி உயரம் வரையிலும், கூழாங்கல் 5 அடி வரையிலும், மரச்சில்லு 10 அடி வரையிலும் பாதுகாப்பளிக்கும். ரப்பர் துகளுக்கு 6 அங்குலமே 10 அடிக்குப் போதுமானது.

கொட்டிய பொருள் நாளடைவில் கால் பங்காவது அமுங்கிவிடும் என்பதால், 9 அங்குலம் தேவைப்படும் இடத்தில் தொடக்கத்திலேயே 12 அங்குலம் நிரப்புவது நல்லது.

மணல் ஈரத்தில் இறுகிவிடும். பூனைகளும் அதைத் தேடி வரும். கூழாங்கல்லைச் சிறு குழந்தைகள் வாயிலும் மூக்கிலும் திணித்துக்கொள்வார்கள் என்பதால், மழலையர் திடலில் அது வேண்டவே வேண்டாம். மரச்சில்லு பொதுவாக நல்ல தேர்வுதான் என்றாலும், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய பழைய மரத்தை அரைத்துச் செய்ததாக அது இருக்கக் கூடாது. ஒரு பிடி அள்ளி விரல்களால் பிரித்துப் பார்த்தால் ஆணியும் கூரான சிம்பும் தென்பட்டுவிடும். பழைய டயரிலிருந்து எடுத்த ரப்பரில் கம்பித் துணுக்கு இல்லை என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெறுங்கள். வெயிலில் அது சுடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடியாவது பரப்ப வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கால் உரசிக் குழி விழும் இடங்களை அடிக்கடி வாரி நிரப்புவதற்கு, தூண்களில் உரிய ஆழத்தைக் கோடிட்டு வைத்தால் குறைவது உடனே கண்ணில் படும்.