உளிக்குப் புதுப் பிடி: துளைக்குப் பிறகுதான் வடிவம்

திருமங்கலத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில் எடைக்கு வாங்கிய நான்கு உளிகளில் ஒன்றுக்குக்கூட உருப்படியான பிடி இல்லை. இரண்டின் தலை பூப்போல விரிந்து கிடந்தது. மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் தட்ட வேண்டியதை யாரோ இரும்புச் சுத்தியலால் சாத்தியிருக்கிறார்கள். ஒன்றில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. இன்னொன்றில் துருப்பிடித்த வால் மட்டும். ஆனால் இரும்பு நல்ல இரும்பு. இப்போது நான்கிலும் நான் செய்த பிடிகள் இருக்கின்றன, மூன்று பிடிகளை அடுப்புக்கு அனுப்பிய பிறகு.

பிடிக்குள் இறங்கும் கூரான வால் உள்ள உளிக்குத்தான் இந்த முறை. பிடியே இரும்புக் குழலுக்குள் இறங்கும் உளிக்கு வேலை வேறு.

மரம் வாங்க மரக்கடைக்குப் போக வேண்டாம், விறகுக் கடைக்குப் போங்கள். என் ஓட்டு சீமைக் கருவேலத்துக்கு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம்தான், மறுக்கவில்லை. ஆனால் காய்ந்த பிறகு அதைப்போல் அசையாமல், சுருங்காமல் நிற்கும் மரம் இந்த விலைக்குக் கிடைக்காது. நேரான துண்டு கிடைப்பதுதான் பாடு. ஒரு கட்டு விறகைக் கலைத்தால் இரண்டு தேறும். நடுவிலுள்ள செம்பழுப்பு வைரம் மட்டுமே நமக்கு. வெளியே இருக்கும் வெளிர் மஞ்சள் பகுதியை வண்டு துளைத்து மாவாக்கிவிடும், தயங்காமல் செதுக்கி எறியுங்கள். நாட்டுக் கருவேலமும் புளியும் நன்றாகவே இருக்கும். வாகையை இழைத்தால் நாள் முழுக்கத் தும்மல், எனக்கு வேண்டாம்.

40 மில்லிமீட்டர் சதுரம், 15 சென்டிமீட்டர் நீளம் உள்ள கட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். முடிவில் பிடியின் கனம் 30 மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்த 10 மில்லிமீட்டர் உபரி எதற்கென்று கீழே புரியும்.

நான் சறுக்கியது துளையில்தான். முதல் பிடியை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெயும் தடவி, கடைசியில் வைஸில் பிடித்து டிரில் மெஷினை இறக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் உளி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதற்கு ஒரு குறுக்கு வழி: வாலைப் பழுக்கக் காய்ச்சி, கட்டைக்குள் சுட்டு இறக்கினேன். துளை நேராக வந்தது. ஆனால் சூடு அலகு வரைக்கும் ஏறி, இரும்பு நீலம் பாரித்துப் பதம் போய்விட்டது. அடுத்த வாரம் வேம்பில் வைத்துத் தட்டியபோது உளியின் வாய் தகரம் மாதிரி மடங்கியது. நீலம் பாரித்த அளவுக்குத் தேய்த்து எடுத்து, புதிதாகச் சாணை பிடிக்க வேண்டியதாயிற்று.

தெருமுனைப் பட்டறையின் ஆசாரி மூன்று பிடிகளையும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பிடியைச் செய்துவிட்டு ஏன் துளை போடுகிறாய்? துளையைப் போட்டுவிட்டு அதைச் சுற்றிப் பிடியைச் செய்.”

அதாவது, சதுரக் கட்டையில் முதலில் துளை. வாலின் நுனி 4 மில்லிமீட்டர், அடி 8 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர் என்றால், 4 மில்லிமீட்டர் பிட்டால் 50 ஆழத்துக்கும், 6 பிட்டால் அதில் பாதி ஆழத்துக்கும் போடுங்கள். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். துளை சற்றுச் சாய்ந்தாலும் கவலை இல்லை. 4 மில்லிமீட்டர் பிட்டைத் தலைகீழாகத் துளையில் செருகுங்கள், தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் உளி நிற்கப்போகும் திசை. அந்தத் தண்டுக்கு நேராக அளவுகோலை வைத்து, கட்டையின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் கடைசி வரை கோடு இழுங்கள். கோடு கட்டையின் விளிம்புக்கு இணையாக ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. இரு கோட்டின் இருபுறமும் 15 மில்லிமீட்டர் விட்டு, மிச்சத்தை இழைப்புளியால் தள்ளிவிடுங்கள். சாய்வெல்லாம் சீவலோடு போய்விடும்.

இனி எண்கோணம். 30 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபக்கமும் 9 மில்லிமீட்டரில் கோடு போட்டு, மூலைகளை அந்தக் கோடு வரை இழைத்தால் எட்டு முகமும் ஏறத்தாழச் சமமாக வரும். பலர் கடைசலுக்குக் கொடுத்து உருண்டையாக்குகிறார்கள். உருண்டைப் பிடி மேசையிலிருந்து உருண்டு விழும், உளி விழுந்தால் வாய்தான் முதலில் தரையைத் தொடும். நான் எண்கோணக் கட்சி.

துளை உள்ள முனை பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கும் வளையமான பூணுக்கு, ஏசி மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய செம்புக் குழாய்த் துண்டு போதும். அதன் உள்விட்டத்தைவிட மரம் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். முனையை மட்டும் சற்றுச் சரித்து, அடித்து இறக்குங்கள்.

கையால் அழுத்தினால் வால் இறங்கி, 10 மில்லிமீட்டர் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். இப்போது பிடியைக் கையில் பிடித்து, உளி கீழ்நோக்கி அந்தரத்தில் தொங்க, பிடியின் தலையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். உளி கீழே விழும் என்றுதான் தோன்றும். மாறாக, தன் கனத்தால் அது இருந்த இடத்திலேயே நிற்க, பிடி இறங்கி வாலை விழுங்கும். கால் கீழே இருக்க வேண்டாம். பசை தேவையில்லை, நாளைக்குப் பிடி உடைந்தால் கழற்ற வேண்டுமே.

மேலே ஆளி விதை எண்ணெய் இரண்டு பூச்சு. தேங்காய் எண்ணெய் காயாது, வார்னிஷ் கையில் கொப்புளம் போடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

பிறகு சேர்த்தது: பங்குனியில் பூண் கழன்று கையோடு வந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். இருவருமே கார்த்திகை மழையில் விறகு வாங்கி, அந்த வாரமே செய்தவர்கள். ஈரக் கட்டை மதுரை வெயிலில் சுருங்காமல் என்ன செய்யும்? கட்டையின் இரு முனையிலும் மெழுகு தடவி, பரணில் போட்டு, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அறுக்க வேண்டும். கழன்ற பூணுக்கு வைத்தியம்: பூணைக் கழற்றி, மரத்தில் மெல்லிய பருத்தித் துணியைப் பசையோடு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அடித்து ஏற்றுங்கள். அதுவும் கழன்றால், விறகுக் கடை அங்கேயேதான் இருக்கிறது.